பேச்சியின் கைக்கு இருபத்து நாலு நாள் லீவு

மனைவி பேச்சியின் கண் கெட்டுப்போனது நயினாருக்குத் தெரிய வந்தது ஒரு பஸ் கண்டக்டரால்தான்.

மலையாளத்து மலைமேல் இருக்கிற போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு வருகிற பஸ்ஸுக்கு அதற்கு மேல் போக ரோடு கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டும். திரும்புவதற்கு முன்னால் கண்டக்டர் தண்ணீர் குடிக்க லயத்துப் பக்கம் வருவதுண்டு. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர் வீடுகள். அன்றைக்கு அவன் முதல் வீடான நயினார் வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளேயிருந்து வந்த பேச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க ஊர் சுத்திட்டு வாரிய? போட்ட வெந்நி ஆறிப் போச்சு. போயி முதுகத் தேச்சுக் குளிங்க, மேலெல்லாம் நாறுது" என்று ஒரு பிடி பிடித்தாள்.

கண்டக்டர் கல்யாணம் ஆகாத பையன். மலையாளி. தமிழ் புரிந்தது, ஆனால் எதற்குத் தன்னைக் குளிக்கச் சொல்கிறாள் என்று புரியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினான். பின்னால் கையை வீசிக்கொண்டு வந்துகொண்டிருந்த நயினார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். லயமே ஒரு வாரம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்துப் பார்த்தார். கண்டக்டர் ஆறடி உயரம், காக்கி உடுப்பு, தலை நிறைய முடி. நயினாருக்கு அறுபத்தொன்பது வயது, வேட்டி, தலையில் முடி இருந்ததற்கு ரேஷன் கார்டு போட்டோதான் சாட்சி. இந்த இரண்டு பேரையும் ஒருத்தி மாற்றிப் பார்க்கிறாள் என்றால் அவள் எதையுமே பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? அவள் முன்னால் போய் இரண்டு விரலை நீட்டி, "ஏட்டி, இது எத்தன?" என்றார்.

"விரலக் கேக்காதிய. நீங்க நிக்கியளா உக்காந்திருக்கியளான்னு கேளுங்க, அத வேணா சொல்லுதேன்."

"எம்புட்டு நாளா இப்படி?"

"போன மழைக்கு முன்னயே புகை மாதிரிதான் தெரிஞ்சுது. உங்கட்ட சொல்லி என்னத்துக்கு?"

அந்தக் கடைசி வார்த்தை நயினாருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததே தவிர, பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று கேட்டால் அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நயினார் எஸ்டேட்டில் வாச்சராக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் ஒரு கையில் கம்பு, மறு கையில் டார்ச். யானை வந்தால் சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தக் கம்பையும் டார்ச்சையும் சோற்றையும் தவிர அந்தக் கைகள் வேறொன்றையும் தொட்டு அறியா. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் இருமுவார், செம்பு வரும். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட மட்டும்தான் ஆளைக் கூப்பிடவில்லை. பேச்சி அந்தக் கைகளுக்கு 'ராஜா கை' என்று பேர் வைத்திருந்தாள். புகழ்ச்சி என்று அவர் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சியின் கைகள் வேறு ஜாதி. பதினான்கு வயதில் கொழுந்து கிள்ள இறங்கியவள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கொழுந்து நசுங்கியிருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை. தேயிலைச் சாறு விரலில் ஏறினால் கறுப்பாகக் காய்ந்து, வெடித்து, வெடிப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். எஸ்டேட்டுப் பெண்களுக்கு அதில் ஒரு வெட்கம் உண்டு. டவுனுக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் எல்லாரும் புளியும் சாம்பலும் வைத்து, அதற்கும் போகாவிட்டால் செங்கல் துண்டு வைத்து, விரலைத் தேய்தேயென்று தேய்ப்பார்கள். கடைக்காரி கையைப் பார்த்து முகம் சுளித்துவிடக் கூடாதல்லவா?

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் டவுனுக்கு, தம்பானூருக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பேச்சி முந்தின நாள் தேய்த்துத்தான் இருந்தாள், ஆனால் கறை போயிருக்கவில்லை. விளக்கைப் போட்டதும் நயினார் மெதுவாக, "கைய சீலைக்கு உள்ள வச்சுக்க" என்றார். அவள் வைத்துக்கொண்டாள். அந்தப் போட்டோ இன்னும் சுவரில் தொங்குகிறது. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் முட்டியில் விரித்து வைத்துக்கொண்டு கம்பீரமாக இருப்பார். பெண்ணுக்குக் கையே இருக்காது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஜனவரியில், அடுத்த வீட்டு ராகேல் ஒரு செய்தியைக் கொண்டுவந்தாள். ராகேல் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். லயத்தில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அவளிடம்தான் போகும். பேச்சியை மலையடிவாரத்து விதுராவில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், தள்ளிப்போட வேண்டாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். செலவுக்கு எங்கே போவது என்று நயினார் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

"சர்க்கார் ஒரு கார்டு தருது அண்ணாச்சி. இன்சூரன்ஸ் கார்டு. நம்ம மாதிரி ரேஷன் கார்டுக்காரங்களுக்கு உள்ளதாக்கும். அதக் காட்டினா ஆஸ்பத்திரில கண் ஆபரேஷனுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"இன்சூரன்ஸ்னா செத்த பெறகு குடுக்கது அல்லே?"

"இது சாவதுக்கு முன்ன குடுக்கது. வெள்ளிக்கிழம விதுரா ஸ்கூல்ல கேம்ப். ரெண்டு பேரும் வரணும். போட்டோ எடுப்பாங்க, மெஷின்ல பெருவிரல் வச்சு ரேகை எடுப்பாங்க. ரேகை பதிஞ்சாத்தான் கார்டுல பேர் ஏறும்."

மெஷின் என்றதும் நயினாருக்கு ஒரு யோசனை வந்தது. வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏட்டி, அந்தக் கறைக் கைய வச்சு சர்க்கார் மெஷின அழுக்காக்கிராத. நல்லாத் தேச்சுட்டு வா" என்றார்.

பேச்சி வேலையை விட்டுச் சில வருஷம் ஆகியிருந்தாலும் கறை முழுக்கப் போகவில்லை. அது என்ன, துணியில் பட்ட கறையா? அவள் இரண்டு நாள் தேய்த்தாள். கண் தெரியாததால் போயிற்றா இல்லையா என்று பார்க்க வழியில்லை. அதனால் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு செங்கல் துண்டை எடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் விரல் நுனிகள் சிவந்து, பளபளவென்று இருந்தன. நயினார் பார்த்து, "இப்ப சரியாக்கும்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. லாப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மலையாளி ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷின், அதில் ஒரு கண்ணாடி. நயினார் பெருவிரலை வைத்தார். வைத்த மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. என்னமோ பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் திரும்பி வரிசையைப் பார்த்தார்.

பேச்சி வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. இடது கையை வைத்தாள். அதுவும் சிவப்பு.

"அம்மச்சி, விரல் பதியுன்னில்லல்லோ" என்றார் அந்த ஆள்.

"என்னட்டி, ரேகையெல்லாம் எங்க கொண்டு தொலச்ச?" என்று நயினார் கேட்டார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பேச்சியும் சிரிக்கப் பார்த்தாள்.

அந்த ஆள் சிரிக்கவில்லை. பேச்சியின் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு நயினாரைப் பார்த்து, தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். தேயிலை கிள்ளினவர்களுக்கு ரேகை முக்கால்வாசி தேய்ந்துதான் இருக்கும், இருந்தாலும் எப்படியாவது பதிந்துவிடும், காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் பதித்துவிட்டுப் போனார்கள். இந்தக் கையில் மேல்தோலே இல்லையே, என்னத்தை வைத்துத் தேய்த்தீர்கள்?

"செங்கல்லு வச்சு" என்று பேச்சிதான் சொன்னாள். யார் தேய்க்கச் சொன்னது என்பதை அவள் சொல்லவில்லை.

இப்போதைக்கு நயினார் பெயரில் மட்டும் கார்டு கிடைக்கும். விட்டுப்போனவர்களைச் சேர்க்க, டவுனில் ஒரு ஆஸ்பத்திரியிலேயே கவுண்டர் போட்டிருக்கிறார்கள், பிப்ரவரி பதினாறோடு அது முடிகிறது, அதற்குள் தோல் வளர்ந்து ரேகை தெரிந்தால் பேர் ஏற்றலாம், இல்லையென்றால் அடுத்த வருஷம்தான் என்றார் அந்த ஆள். தோல் வளர என்ன செய்ய வேண்டும் என்று ராகேல் கேட்டாள். ஒன்றும் செய்யக் கூடாது, அதுதான் மருந்து என்றார். சோப்பு கூடாது, சாம்பல் கூடாது, வெந்நீர் கூடாது, தேய்ப்பு கூடாது. தேங்காய் எண்ணெய் போட்டுச் சும்மா வைத்திருக்க வேண்டும்.

இருபத்து நாலு நாள் இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நயினார் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வருஷம் காவல் காத்த மனுஷன், வீட்டில் இருந்த ஒரு ஜோடிக் கையைக் காவல் காக்கத் தெரியாமல் போனதே என்று அவருக்கு அவர்மேலேயே எரிச்சல். அடுத்த வருஷம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அடுத்த வருஷத்துக்குள் இவள் முழுக்கக் குருடாகி, அடுப்பில் கையை விட்டுக்கொண்டால்? பின்பக்கத்து ஓடையில் கால் தவறினால்? என் முகத்தை இனி ஒருதரம்கூடப் பார்க்காமலே இவள் போய்ச் சேர்ந்துவிட்டால்? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் அவர் தலைத்துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியைக் கிழித்தார். பேச்சியின் கைகளில் எண்ணெய் தடவி, ஒவ்வொரு கையாகப் பொதிந்து கட்டினார். "இன்னையிலருந்து ஒன் கைக்கு லீவு. ஒரு செம்பத் தொட்டேன்னு தெரிஞ்சா மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப சோறு யாரு ஆக்குவா?"

"நாந்தான்."

பேச்சி கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர் கதைக்குப் பிறகு அந்த லயம் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

மகள் பொன்செல்வி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். போனில் செய்தியைக் கேட்டுவிட்டு, "அப்பாவா? சோறா?" என்று இரண்டு தரம் கேட்டாள். நான் லீவு போட்டு வரட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றார் நயினார். இது அவர் தேய்க்கச் சொன்ன வினை. அவரே தீர்க்க வேண்டும்.

முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் அடிப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை அள்ளி ஊற்றினார், சோற்றைத் தேட வேண்டியிருந்தது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்தபோது பாதி கல்லாகவும் பாதி கூழாகவும் வந்தது, இது எப்படிச் சாத்தியம் என்று லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாழைப்பூவை ஆய்ந்தார், வாழைக்காயைச் சீவினார், விரலெல்லாம் கறுத்தது. அடிப்பிடித்த சட்டியைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார். ஒரு தரம் சட்டியை இறக்கும்போது துணி நழுவி, பெருவிரல் அதில் ஒட்டிக்கொண்டது. "ஆ" என்று வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு, "யானை வாரமாதிரி இருந்துச்சு" என்று பேச்சியிடம் சொன்னார். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த யானை அடுக்களைக்கு வரும்?

சோற்றை உருட்டி அவரே ஊட்டினார். முதலில் இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. பிறகு பேச்சி, "உப்பு கம்மி" என்றும் "இன்னைக்கு உப்பு மட்டுந்தான் இருக்கு" என்றும் குறை சொல்லத் தொடங்கினாள். குறை சொல்ல ஆரம்பித்ததும் வெட்கம் போய்விட்டது. துணி துவைத்தார். தலை சீவிவிட்டார். சீப்பைவிட அவர் கை அதிகமாகச் சிக்கியது.

"கையென்ன இப்படிச் சொரசொரங்குது?" என்று கேட்டாள்.

"பனிக்காத்துட்டி. எல்லாருக்கும்தான்."

தினமும் காலையில் வெயில் வந்ததும் கட்டை அவிழ்த்து அவள் பெருவிரலைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நாற்றங்காலில் முளை வந்ததா என்று பார்க்கிறவனைப் போலத்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவர் இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. ஆள்காட்டி விரல் நகம் கோணலாக இருந்தது. உள்ளங்கையில் அட்டை கடித்த பழைய தழும்புகள். சுண்டுவிரல் முழுக்க மடங்காது என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இது எப்ப ஆச்சு?"

"பொன்செல்வி வயித்துல இருக்கப்ப. சரிவுல விழுந்தேன்."

"எங்கிட்டச் சொல்லலியே."

"அன்னைக்கு நீங்க இருமுனிய. தண்ணி எடுத்துட்டு வந்தேன். பெறகு மறந்துட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

நயினார் கட்டை மறுபடி கட்டினார். கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் இடது பெருவிரலின் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி கனம்கூட இல்லை. ராகேலைக் கூப்பிட்டுக் காட்டினார். ராகேல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு அண்ணாச்சி, கர்த்தர் சத்தியமா இருக்கு" என்றாள். அன்றைக்கு நயினார் பப்படம் பொரித்தார். நாலில் மூன்று கருகியது, நல்லதைப் பேச்சிக்கு ஊட்டினார்.

பதினேழாம் நாள் விறகு பொறுக்கப் போய்விட்டு வந்தவர் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பேச்சி கட்டுத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தடவித் தடவிச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சாம்பலைக் கையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நயினார் விறகைக் கீழே போட்டார். "அறிவுகெட்டவளே, வைட்டி கீழ" என்று கத்தினார். லயத்தில் எல்லா வாசலிலும் தலைகள் தெரிந்தன.

"விருந்தாளி மாதிரி உக்காந்து தின்னுட்டு இருக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் பேச்சி. "நாலு பேரு பேசுதாவ. புருஷன எச்சி சட்டி கழுவ விட்டுட்டு ராணி மாதிரி இருக்கான்னு. எனக்குக் கண்ணே வேண்டாம், விடுங்க."

நயினார் அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கோபம் எங்கோ போய்விட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குத் தெரியாது என்பதால் துடைக்கவில்லை.

"எனக்கு வேணும்ட்டி" என்றார். "ஒனக்கு வேண்டாம்னா போவுது. எனக்கு நீ பாக்கணும். நான் சொல்லித்தான நீ தேச்ச? அன்னைக்கு ஸ்டூடியோலயும் நான்தான் சொன்னேன், கைய உள்ள வைன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"தப்புட்டி அது."

பேச்சி ஈரக் கையைச் சீலையில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "அதுக்குப் பெறகு நான் டவுனுக்குப் போனா கைய வெளிய எடுத்ததே இல்ல" என்றாள். "பஸ்ஸுலயும் சீலைக்குள்ளதான் வச்சுக்கிடுவேன். பழகிப்போச்சு."

நாற்பத்தைந்து வருஷம். எத்தனை தரம் ஒரே சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருப்பார்கள்! அவர் ஒருநாளும் கவனிக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து அவள் கையைப் பழையபடி பொதிந்தார். அதற்கப்புறம் அவள் கட்டை அவிழ்க்கவில்லை. வாசலில் தலை நீட்டினவர்களைப் பார்த்து நயினார், "என்ன, படம் ஓடுதா? டிக்கெட் எடுத்தியளா?" என்று ஒரு சத்தம் போட்டார். யானையை விரட்டிய தொண்டை, எல்லாக் கதவும் மூடிக்கொண்டது.

பிப்ரவரி பதினாறாம் தேதி முதல் பஸ்ஸில் ஏறித் தம்பானூரில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே அந்தக் கவுண்டர் இருந்தது. உட்கார்ந்திருந்த பெண் சுப்ரியா, டவுனில் கோட்டைப் பக்கத்துத் தமிழ் அக்ரஹாரத்துப் பெண். இவர்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு அவளும் தமிழுக்கு வந்தாள்.

"கட்ட அவுத்துட்டு வைங்கோ பாட்டி. வலது கை முதல்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

நயினார் கவுண்டர்மேல் குனிந்தார். "இடதுல பாருங்கம்மா, இடதுலதான் கோடு வந்திருக்கு. நான் தினமும் பாத்தேன்" என்றார்.

சுப்ரியா தன் கைக்குட்டையை நனைத்து இடது பெருவிரலை ஒற்றி எடுத்தாள். கண்ணாடியையும் துடைத்தாள். "அழுத்தாதீங்கோ, லேசா வைங்கோ. அவசரமே இல்ல" என்றாள். முதல் தரம் சிவப்பு. இரண்டாம் தரம் மெஷின் கொஞ்சம் யோசித்தது, பிறகு சிவப்பு. மூன்றாம் தரம் பச்சை.

"வந்துடுத்து!" என்று சுப்ரியாவே கத்திவிட்டாள். நயினார் அந்த மெஷினைப் பார்த்துக் கும்பிட்டார். பேச்சிக்கு விளக்கு தெரியவில்லை. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கார்டுக்குப் போட்டோ எடுத்தபோது முகம் மட்டும்தான் விழும் என்று சொல்லியும் அவள் கைகள் தானாகச் சீலைக்குள் போயின. நயினார் அதைப் பார்த்தார். இந்தத் தரம் பார்த்தார்.

அன்றைக்கே டாக்டர் பார்த்தார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் சரியாக இருந்ததால் மறுநாளே வலது கண்ணுக்கு ஆபரேஷன். நயினார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்து, ராகேலின் கர்த்தரையும் ஒரு தரம் கூப்பிட்டு வைத்தார். அரைமணி நேரத்தில் கண்ணில் கட்டோடு அவளைக் கூட்டிவந்துவிட்டார்கள். "வலிச்சுதா?" என்று கேட்டார். "நீங்க தலை சீவுனதுக்கு இது ஒண்ணுமில்ல" என்றாள்.

அடுத்த நாள் காலை டாக்டர் கட்டைப் பிரிக்க வருகிற நேரத்தில் ஒரு நர்ஸ், "அப்பச்சா, கவுண்டர்ல போயி கார்டு குடுத்து விரல் வச்சிட்டு வாங்க, டிஸ்சார்ஜ் எழுதணும்" என்று நயினாரை அனுப்பிவிட்டாள். பேச்சி கண் திறக்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இருபத்தாறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். சர்க்கார் காரியம், என்ன செய்வது? ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சுப்ரியா கார்டை மெஷினில் செருகினாள். "வீட்டுல யார் விரல்னாலும் போறும். நீங்களே வைங்கோ தாத்தா."

வைத்தார். சிவப்பு. இது என்ன கூத்து என்று துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. இடது கையை வைத்தார். அதுவும் சிவப்பு. விதுரா கேம்பில் வைத்த மாத்திரத்தில் பச்சை எரிந்த விரல்!

"போன மாசம் பதிஞ்சிருக்கே. அதுக்குள்ள உங்க ரேகையெல்லாம் எங்க போச்சு தாத்தா?" என்று சுப்ரியா கேட்டாள்.

நயினார் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். சட்டிச் சூடு பட்ட இடத்தில் புதுத்தோல் மினுமினுவென்று இருந்தது. மற்ற விரல்கள் சாம்பலிலும் நாரிலும் தேய்ந்து, வெடித்து, வெடிப்புக்குள் வாழைக்கறையும் கரியும் அப்பிப்போயிருந்தன. இது தன் கைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"பாட்டியக் கூட்டிண்டு வாங்கோ. அவா விரல் பதியும்" என்றாள் சுப்ரியா.

அவர் திரும்புவதற்குள் நர்ஸ் பேச்சியைக் கைபிடித்து அங்கேயே கூட்டிவந்துவிட்டாள். பேச்சி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நாலடி தள்ளி நின்றாள். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, அடியில் இருந்த வலது கண்ணால் பார்த்தாள். நயினார் அசையாமல் நின்றார். போட்டோவுக்கு நிற்பதுபோல்தான் நின்றார்.

"ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்கிய?" என்றாள் பேச்சி.

"ஒன் சமையலு சாப்பிடாததுதான்" என்றார்.

அவள் பார்வை முகத்திலிருந்து கீழே இறங்கியது. சட்டை, பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. அப்புறம் கை. நயினார் பார்த்துவிட்டார். சட்டென்று இரண்டு கைகளையும் தோள்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"பாட்டி, விரல வைங்கோ" என்றாள் சுப்ரியா.

பேச்சி மெஷினைப் பார்க்கவில்லை. கிட்டே வந்து துண்டை விலக்கினாள். அவருடைய வலது கையைப் பிடித்து வெளியே எடுத்து, ஜன்னலில் விழுந்த வெயிலுக்கு நேராகத் திருப்பினாள். தினமும் காலையில் அவர் எப்படிப் பிடித்தாரோ அப்படியே பிடித்தாள். சூட்டுத் தழும்பைத் தொட்டாள். கறுத்த வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நயினாருக்குக் கூச்சமாகப் போய்விட்டது, கையை இழுக்கப் பார்த்தார்.

"உள்ள வைக்காதிய" என்றாள் பேச்சி. "வெளிய இருக்கட்டும். நான் பாக்கணும்."

அவர் இழுக்கவில்லை. பேச்சி அந்தக் கையை விடாமலே, தன் இடது பெருவிரலை மெஷினில் வைத்தாள்.